சுங்கை ஆரா மடிக்கணினியின் வாட் கணக்கு

பினாங்குத் தீவின் சுங்கை ஆராவில், என் அக்காள் வீட்டில் நான் பரிசோதித்த மடிக்கணினி 2020இல் வாங்கப்பட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் மலேசியா முழுவதும் பள்ளியும் பல்கலைக்கழகமும் வீட்டுக்குள் வந்துவிட்ட ஆண்டு அது. என் அக்காள் தம் மூத்த மகளின் இணைய வகுப்புக்காகவும், அவள் படித்த கட்டடக்கலைப் பாடத்தின் முப்பரிமாண வரைபடங்களுக்காகவும் சற்று அதிக விலை கொடுத்து, விளையாட்டுக்கென்றே வடிவமைத்த மாதிரியை வாங்கினார். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். மடிக்கணினி இளையவன் கைக்கு வந்தது. பகலில் பாடமும் மாலையில் விளையாட்டுமாக அவன் அதைப் பயன்படுத்துகிறான்.

உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ7-10750எச் சில்லு. ஆறு கோர்கள் (கணக்கிடும் கருக்கள்), அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ என்ற தற்காலிக உயர்வேகத்தில் 5.0 வரை ஏறும், நிர்ணயித்த சக்தி 45 வாட். வரைகலைக்கு ஆர்டிஎக்ஸ் 2060. இந்த மாதிரியில் அதற்கு 90 வாட் வரை அனுமதி. திரை 144 ஹெர்ட்ஸ். இவற்றை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், இந்தக் கதை முழுவதும் வாட் கணக்கில்தான் நகர்கிறது.

புகாரை மருமகனே சொன்னான்: "மாமா, வேலரன்ட் விளையாட்டு முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு எதிரி முன்னால் வந்து நிற்கும் நேரம் பார்த்துப் படம் விக்குகிறது. சைபர்பங்க் இன்னும் மோசம். திடீரென்று சில விநாடிகள் பொம்மைபோல் நின்றுவிடுகிறது." இடக்கை விரல்கள் தங்கும் விசைகள் தொட முடியாதபடி சுடுகின்றன என்றும் சொன்னான். பிராங்கின் மால் பக்கம் ஒரு கடையில் கேட்டதற்கு விண்டோஸை மீண்டும் நிறுவச் சொன்னார்களாம். அதையும் செய்துவிட்டான், பயனில்லை. நீல விளக்கு எரியும் விசிறித் தட்டு ஒன்றையும் வாங்கி அடியில் வைத்திருந்தான். அக்காளின் கவலை வேறு. "தம்பி, இது தீப்பிடித்துவிடாதே?" என்றார்.

அக்காளின் கேள்விக்கு முதலில் பதில் சொன்னேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லுகளைச் சூடாக்கிச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்ததிலிருந்து, இந்தத் தீவில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது சில்லுச் சோதனைதான். ஐ7-10750எச் சில்லின் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அந்த வரம்பைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் கணினியையே நிறுத்திவிடும். சில்லால் தீ வராது. கவனிக்க வேண்டியது பேட்டரியை. தொடுபலகை மேலே புடைத்திருக்கிறதா, அடிமூடி வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அக்காள் சமையலறைக்குத் திரும்பினார்.

எதையும் மாற்றாமல் அளந்தது

மருமகன் திருப்புளியோடு தயாராக இருந்தான். திறக்க வேண்டாம் என்றேன். எந்த மாற்றமும் செய்யும்முன், இருக்கும் நிலையை இருந்தபடியே பதிவு செய்யாவிட்டால் பிறகு எது பயன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் வழக்கமாக விளையாடும் இடத்திலேயே, அதாவது மெத்தைமேல், அதே விசிறித் தட்டோடு, அறையில் 31 டிகிரி இருந்த மாலை நேரத்தில், எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டு ஒவ்வொரு விநாடியும் பதியச் சொன்னேன். மடிக்கணினியின் உலோகம் முழுவதும் சூடேறி நிலைபெற கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடச் சோதனை எந்தக் கணினியையும் ஆரோக்கியமாகவே காட்டும்.

பெரும்பாலானவர்கள் இந்த மென்பொருளில் டிகிரியை மட்டும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொன்னது நான்கு வரிகள்: சிபியு (மையச் செயலி) எத்தனை வாட் இழுக்கிறது, ஜிபியு (வரைகலைச் சில்லு) எத்தனை வாட் இழுக்கிறது, கடிகார வேகம் என்ன, வேகம் குறைந்த விநாடியில் அதற்குக் காரணமாகக் கணினியே எதைக் குறிக்கிறது. டிகிரி ஐந்தாவதுதான். வெப்பநிலை ஒரு விளைவு. அதற்குக் காரணம் வாட்.

வேலரன்டில் சிபியு 55 வாட்டைச் சுற்றியே நின்றது. வெப்பம் 98க்கும் 100க்கும் இடையில். வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.1க்கு விழுவதும் மீண்டும் ஏறுவதுமாக ரம்பப் பல்போல் போனது. ஜிபியு 40 வாட்டைக்கூடத் தாண்டவில்லை. அது சும்மா இருந்தது. சிபியுதான் விநாடிக்கு 240 பிரேம் (படச்சட்டம்) வரை தயாரித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

சைபர்பங்க் 2077இன் பதிவு முற்றிலும் வேறுபட்டிருந்தது. சிபியு 42 வாட், ஜிபியு 85 வாட். இரண்டும் சூடு, ஆனால் சிபியு 100ஐத் தொடவில்லை. படம் உறைந்த விநாடிகளில் சிபியுவின் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரேயடியாக விழுந்திருந்தது. அப்போது அதன் வெப்பம் 90க்கும் கீழே. வெப்பத்தால் குறைந்த வேகம் இப்படிப் பாதாளத்துக்குப் போகாது, படிப்படியாக இறங்கும். இது தாய்ப்பலகையிலிருந்து வேறொரு பாகம் சிபியுவுக்கு அனுப்பிய கட்டளை. அதோடு, மின்சாரம் செருகியிருந்தபோதே பேட்டரி 96 சதவீதத்திலிருந்து 88க்கு இறங்கியிருந்தது.

ஒரே புகாரில் இரண்டு நோய்கள் இருந்தன. டிகிரியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் "சூடு" என்ற ஒரே பெயரில் போயிருக்கும்.

அடாப்டர்

பேட்டரி இறங்கியதைக் கண்டதும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். சீட்டில் 19.5 வோல்ட், 6.15 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 120 வாட். "இது கணினியோடு வந்ததா?" என்று கேட்டேன். பழையதன் கம்பி கழுத்தில் அறுந்துபோனதால் கடையில் வேறு வாங்கியதாகச் சொன்னான். பழையது அலமாரியில் இருந்தது: 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர். 180 வாட். முனை ஒன்றுபோல் இருந்ததால் கடைக்காரர் கொடுத்துவிட்டார். கணினியும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது.

கணக்கைப் பாருங்கள். சைபர்பங்கில் சிபியுவும் ஜிபியுவும் சேர்ந்து 127 வாட். திரை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள், மின்மாற்றத்தில் வீணாவது எல்லாம் சேர்த்து இன்னும் இருபதிலிருந்து முப்பது வாட். 120 வாட் அடாப்டரால் அது முடியாது. குறைவதைப் பேட்டரி ஈடுகட்டுகிறது. ஏற்கெனவே சூடான பெட்டிக்குள் பேட்டரியும் சூடாகிறது. ஈடுகட்ட முடியாத கணத்தில் தாய்ப்பலகை சிபியுவின் குரல்வளையைப் பிடிக்கிறது. மருமகன் கண்ட "பொம்மை" அதுதான். வேலரன்டில் மொத்தமே 120க்குள் அடங்கியதால் அங்கே இது தலைகாட்டவில்லை.

மின்னழுத்தம் அதே 19.5 வோல்ட், முனை அதே வடிவம், 180 வாட் உள்ள அடாப்டரை வாங்கினோம். சைபர்பங்கில் உறைதல் நின்றது. ஆனால் சிபியு, ஜிபியு இரண்டின் வெப்பமும் சில டிகிரி கூடியது. அது இயல்பே. இதுவரை கிடைக்காத சக்தி இப்போது கிடைக்கிறது. கிடைத்த ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். கணினிக்குள் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது.

உண்டாக்காத வெப்பம்

இனி இரண்டு வழிகள். வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியேற்றலாம். அல்லது குறைவாக உண்டாக்கலாம். நம் ஊரில் முதல் வழிக்கு ஒரு கூரை இருக்கிறது. விசிறி உள்ளே இழுக்கும் காற்றே 31 டிகிரி. அறை ஒரு டிகிரி சூடானால் சில்லும் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகும். குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் ஒருவர் 85 டிகிரியில் விளையாடும் அதே கணினி, அதே அமைப்பில் சுங்கை ஆராவில் 96ஐத் தொடும். அங்கிருந்து வரும் அறிவுரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு இரண்டாவது வழியே முதல் வழி.

பிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதிலிருந்து தொடங்கினோம். திரை விநாடிக்கு 144 முறைதான் புதுப்பிக்கும். அதற்கு மேல் தயாராகும் பிரேம்கள் முழுதாகக் கண்ணுக்கு வருவதே இல்லை. மருமகன் இதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பிரேம் கூடினால் மவுஸ் அசைவு சீக்கிரம் திரைக்கு வரும் மாமா. போட்டியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் வரம்பில்லாமல்தான் விடுகிறார்கள்." அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 240 பிரேமில் ஒரு பிரேமுக்கு 4.2 மில்லி விநாடி, 144இல் 6.9. வித்தியாசம் 2.7 மில்லி விநாடி. ஆனால் அவன் பதிவில் வெப்பத்தால் வேகம் விழுந்த இடங்களில் தனித்தனி பிரேம்கள் 30, 40 மில்லி விநாடிகூட எடுத்திருந்தன. மூன்று மில்லி விநாடியைச் சேமிக்கப் போய் நாற்பதை இழக்கிறான். அந்த வரைகோட்டைத் திரையில் காட்டியபின் 160க்குச் சம்மதித்தான். சில்லறை பேரம்தான், ஆனால் நியாயமான பேரம்.

வேலரன்டின் அமைப்பிலேயே பட்டியல் திரைக்கும், பின்னணியில் இருக்கும்போதும், பேட்டரியில் ஓடும்போதும் தனித்தனி வரம்புகள் வைக்க முடியும். ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் திரையில் 60 போதும். நண்பர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே கணினியைக் கொதிக்கவைத்துவிட்டு ஆட்டத்துக்குள் நுழைவதில் என்ன லாபம்? சைபர்பங்குக்கு என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையில் 50 என்று வைத்தோம். கதையோடு நடக்கும் ஆட்டத்துக்கு அது தாராளம்.

அடுத்தது டர்போ. இதில்தான் பெரிய ஆதாயம் இருக்கிறது. இதன் காரணம் தெரிந்தால் பிறகு எந்தக் கணினியிலும் பயன்படும். சில்லு இழுக்கும் சக்தி அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது. மின்னழுத்தத்தோடோ இருபடியாக ஏறுகிறது. வேகத்தின் கடைசிப் படிகளை எட்ட மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால் அங்கே வாட் எகிறுகிறது. எடுத்துக்காட்டாக 4.3 கிகாஹெர்ட்ஸுக்கு 1.2 வோல்ட் தேவை, 3.6க்கு 1.0 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 16 சதவீதம் குறைகிறது. சக்தி நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. வேறெந்த இடத்திலும் இவ்வளவு மலிவாகக் குளிர்ச்சி கிடைக்காது.

மின்னழுத்தத்தையே நேரடியாகக் குறைப்பது இன்னும் நல்லது. ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின் பல மடிக்கணினிகளில் அந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. இதிலும் பூட்டியிருந்தது, பூட்டை உடைக்க முயலவில்லை. வேலரன்டோடு வரும் வான்கார்ட் என்ற மோசடித் தடுப்பு, கணினியின் அடித்தளத்தில் நுழையும் சில கருவிகளைத் தடுத்த வரலாறும் உண்டு. அதனால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வழியை எடுத்தோம். மின்திட்ட அமைப்பில் செயலியின் உச்ச வேகம் என்ற மறைந்திருக்கும் வரியை வெளிக்கொணர்ந்து 3.6 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதினோம். செயலியின் உச்ச நிலையை 99 சதவீதம் ஆக்கும் வழி பலருக்குத் தெரியும். அது டர்போவை முழுவதும் அணைத்து 2.6க்கே கொண்டுவந்துவிடும். அதையும் போட்டுப் பார்த்தோம். குளிர்ச்சி அபாரம், ஆனால் வேலரன்டில் புகைத்திரை வெடிக்கும் இடங்களில் பிரேம்கள் சரிந்தன. 3.6 சரியான இடமாகத் தெரிந்தது.

இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பின் வேலரன்டில் சிபியு 55 வாட்டிலிருந்து 34க்கு வந்தது, வெப்பம் 87. வேகம் 3.6இல் கோடு போட்டதுபோல் நின்றது. சைபர்பங்கில் ஜிபியுவும் நான்கு டிகிரி இறங்கியது. அதன் அமைப்பில் பிரேம் வரம்பைத் தவிர எதையும் தொடவில்லை, பிறகு எப்படி என்று மருமகன் கேட்டான். இந்தக் கணினியில் சிபியு, ஜிபியு இரண்டின் மேலும் ஒரே செப்புக் குழாய்கள்தான் ஓடுகின்றன. ஒன்று உண்டாக்காத வெப்பம் மற்றொன்றுக்கு இடம்விடுகிறது.

ஒரு வெள்ளியும் செலவழிக்காமல், ஒரு திருகையும் கழற்றாமல் கிடைத்தது இவ்வளவும்.

திறந்து பார்த்தபோது

அதன்பிறகும் திறக்க வேண்டியிருந்தது. பதிவில் ஆறு கோர்களின் வெப்பமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரே வேலையில் மிகச் சூடான கோருக்கும் மிகக் குளிர்ந்த கோருக்கும் 15 டிகிரி வித்தியாசம். சில்லின்மேல் உலோகம் சீராக அமரவில்லை அல்லது இடையில் வெப்பத்தைக் கடத்தப் பூசியுள்ள பேஸ்ட் ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. மடிக்கணினிச் சில்லுக்கு மேல் மூடி கிடையாது. நாள்தோறும் சூடேறி ஆறும்போது விரிந்து சுருங்கி, பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடுகிறது.

கணினியை அணைத்து, மின்கம்பியை எடுத்து, அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. அதற்கு முன் உள்ளே எதையும் தொடக் கூடாது.

விசிறியைக் கழற்றிய பிறகுதான் உண்மை தெரிந்தது. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டுபோல் ஒரு படலம். வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் பளிச்சென்றே இருந்தன. வெறும் தூசி இப்படி ஒட்டாது. அந்த அறை சமையலறையை ஒட்டியது. தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் தூசியைப் பசையாக்கிவிட்டன. இதை வெளியிலிருந்து காற்றடித்து எடுக்க முடியாது. படலம் விசிறிக்குள் திரும்பிப் போய் அங்கே சிக்கும். தூரிகையாலும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலாலும் தகடு தகடாக எடுத்தோம். விசிறியில் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளும்படி மருமகனிடம் சொன்னேன். இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி கெட்டுவிடும். வலப்பக்க விசிறியின் தாங்கியில் ஏற்கெனவே லேசான கரகரப்பு இருந்தது.

வெப்பக் குழாய்த் தொகுதியின் திருகுகளில் எண்கள் பொறித்திருக்கும். அந்த வரிசையிலேயே தளர்த்தி, அந்த வரிசையிலேயே இறுக்க வேண்டும். பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாளை வைத்தோம். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும். 45 டிகிரியை ஒட்டி இளகிச் சில்லின் நுண்பள்ளங்களை நிரப்பும். பேஸ்ட்போல் எளிதில் வெளியே ஒதுங்காது என்பதே இதைத் தேர்ந்ததற்குக் காரணம். திரவ உலோகம் இன்னும் நன்றாகக் கடத்தும் என்று மருமகன் படித்திருந்தான். அதில் இருப்பது காலியம். அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி தாய்ப்பலகையில் சிந்தினால் கணினியே போய்விடும். பையில் போட்டு நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிச் செல்லும் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நினைவகச் சில்லுகளின்மேல் இருந்த மென்பட்டைகள் கிழியாமல் இருந்ததால் அவற்றை அப்படியே விட்டோம். தடிமன் தெரியாமல் புதிய பட்டை வைத்தால், அது உலோகத் தொகுதியைத் தூக்கிப் பிடித்து, சில்லின்மேல் அமரவிடாமல் செய்துவிடும்.

அறைக் காற்றும் ஐஸ் பையும்

மெத்தை போய் மேசை வந்தது. காற்று அடியிலிருந்து உள்ளே வருகிறது. மெத்தை அந்த வாயை மூடிவிடுகிறது. பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தோம். நீல விளக்கு விசிறித் தட்டை எடுத்துவிட்டு அளந்தபோது ஒரு டிகிரிகூட மாறவில்லை. அதன் விசிறி நடுவில் சுழல்கிறது. கணினியின் துளைகளோ இரு ஓரங்களில் இருக்கின்றன.

குளிர்சாதனத்தை 24இல் வைத்தால் சில்லு ஏழு டிகிரி வரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் கணினி வெளியிடும் நூற்றுச் சொச்சம் வாட்டுக்காகப் பல நூறு வாட் இழுக்கும் சாதனத்தை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அறையில் படிப்பவனுக்காகப் போட்டால் போடட்டும், கணினிக்காக வேண்டாம். அறைக் காற்றாடி போதும். ஆனால் வெளியேறும் சூடான காற்றைத் திருப்பி அடிக்காத திசையில் இருக்க வேண்டும்.

ஐஸ் பையை அடியில் வைக்கும் வழக்கத்தை மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பினாங்குக் காற்றின் ஈரம் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். ஐஸ்கட்டி போட்ட கோப்பையின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல் கணினியின் உட்புறமும் வேர்க்கும். 18 டிகிரி அறையில் இரவெல்லாம் கிடந்த கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து உடனே போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. பையிலேயே சிறிது நேரம் இருக்கட்டும்.

கடைசி அளவுகள்

அறை மீண்டும் 31 டிகிரி இருந்த மாலையில் அதே இரண்டு ஆட்டங்களையும் ஓட்டினோம். வேலரன்டில் சிபியு 33 வாட், 76 டிகிரி. கோர்களுக்கு இடையிலான வித்தியாசம் ஐந்துக்குள் வந்துவிட்டது. சைபர்பங்கில் சிபியு 29 வாட், ஜிபியு 74 வாட். வெப்பம் முறையே 79, 75. இரண்டு பதிவுகளிலும் வெப்பத்தாலோ மின்தட்டுப்பாட்டாலோ வேகம் விழுந்ததாக ஒரு விநாடிகூடக் குறிக்கப்படவில்லை. விசைகள் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன. உலோகப் பெட்டிக்குள் நூறு வாட் இருக்கும்வரை அது மாறாது. விசிறிச் சத்தம் குறைந்ததை அக்காள்தான் முதலில் கவனித்தார்.

பேட்டரி தேய்ந்திருக்கிறது. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கைப்படி, புதிதில் இருந்த கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே இப்போது நிரம்புகிறது. எந்நேரமும் நூறு சதவீதத்தில் செருகியபடி சூட்டிலேயே கிடந்ததும், 120 வாட் அடாப்டருக்கு ஈடுகொடுத்ததும் அதன் ஆயுளைத் தின்றிருக்கின்றன. மின்னேற்ற வரம்பை 80 சதவீதத்தில் வைத்திருக்கிறோம். தொடுபலகை சற்றே உயர்ந்தாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னை அழைக்க வேண்டும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.

வலப்பக்க விசிறிக்கு மாற்று கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. வந்ததும் அவனே மாட்டிவிட்டு, அதே இரண்டு ஆட்டங்களின் பதிவையும் எடுத்து எனக்கு அனுப்புவான். அதில் நான் முதலில் பார்க்கப்போவது ஜிபியுவின் வாட்டை. 74ஐச் சுற்றி நின்று, வெப்பம் மட்டும் 80ஐத் தாண்டியிருந்தால் விசிறி சரியாக அமரவில்லை. மீண்டும் திறக்க வேண்டும்.